தவமணிக்குச் சொல்லாத கலியாணம்

பிள்ளை,

உன் ஆய்வேடு கட்டுவதற்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று சொன்னாய். அதனால்தான் இதைத் தபாலில் போடாமல், எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நான் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். பாதி சொல்வேன், நீ 'என்னம்மா, என்னம்மா' என்பாய், உடனே நான் மழையைப் பற்றியோ அப்பாவின் சீனி வருத்தத்தைப் பற்றியோ கதைக்கத் தொடங்கிவிடுவேன். முப்பது வருடம் உயிரியல் விடைத்தாள் திருத்தியவள் நான். கேள்விக்கு விடை எழுதாமல் பக்கத்தை நிரப்புகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே விடையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் கலியாணத்துக்குத் தவமணி அன்ரி வராததற்குக் காரணம் நான். அன்று மரமும் வரவில்லை, லொறியும் வரவில்லை. நான்தான்.

நீ அனுப்பிய ஆய்வேட்டு முன்பக்கத்தை எத்தனை தரம் திறந்து பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆங்கிலத்தில் ஒரு செங்கல் கனத்துக்கு எழுதிவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் வைத்திருக்கிறாய்: 'எனக்கு முதன்முதலில் ஒரு நரம்புக்கலத்தைக் கீறிக் காட்டிய அம்மாவுக்கு.' அதோடு எனக்கென்று தனியாக ஒரு குறிப்பு. முதலில் தவமணி அன்ரிக்கு என்றுதான் எழுதி வைத்திருந்தாயாம். கலியாணத்துக்கே வராத மனிசிக்கு இதை எழுதுவது பிறகு சரியாகப் படவில்லையாம். யோசித்துப் பார்த்தால் உரிமை அம்மாவுக்குத்தானாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மருதனார்மடம் சந்தையில் எனக்குக் கத்தரிக்காய் நிறுத்துத் தருகிற பெண்ணுக்குக் காட்டினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த, பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கும் கண்ணாடியைக் கொடுத்து வாசிக்க வைத்தேன். பதினைந்து வருடமாக நான் ஆசைப்பட்ட இடம் அது, பிள்ளை. தவமணியை அதிலிருந்து எழுப்பிவிட்டு என்னை இருத்தியிருக்கிறாய். இரண்டு நாள் அந்த இடத்தில் சுகமாக இருந்தேன். மூன்றாம் நாள் இருக்க முடியவில்லை.

போர் முடிந்து பாதை திறந்த பிறகு வன்னியிலிருந்து மர லொறிகள் வரத் தொடங்கிய காலத்தில்தான் எங்கள் உரும்பிராய் ஒழுங்கை முகப்பில் தவமணியின் மரக்காலை மறுபடி இயங்கத் தொடங்கியது. புருசன் மாரடைப்பில் போன பிறகு, பிள்ளைகுட்டி இல்லாத அந்த மனிசி தனியாக நின்று முதிரைக் குற்றியும் பாலைக் குற்றியும் இறக்கி, அரிந்து, கதவு நிலை யன்னல் நிலை என்று விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது மத்தியானம் வரை பள்ளிக்கூடம், அதன் பிறகு மருதனார்மடத்தில் ரியூசன். அப்பா கந்தோரிலிருந்து வர ஆறு மணியாகும். எட்டாம் ஆண்டு படித்த நீ வீட்டுத் திறப்பை வைத்துக்கொண்டு வந்து, சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, நேரே மரக்காலைக்குப் போய்விடுவாய். ஊரார் பிள்ளைகளுக்கு நான் என் பின்னேரங்களைக் கொடுத்தேன். உன் பின்னேரங்களை நீ கொண்டுபோய்த் தவமணிக்குக் கொடுத்தாய். இதில் யாரைக் குறை சொல்வது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தவமணியைக் குறை சொல்வதுதான் இலகுவாக இருந்தது. அவருக்குச் சத்தமாகக் கதைக்கிற வாய் என்பேன். தலையெல்லாம் மரத்தூள் என்பேன். சாதாரண தரமே தாண்டாதவர் என்றும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். என்னிடம் பட்டம் இருந்தது. அவரிடம் நீ இருந்தாய்.

அங்கே நீ என்ன செய்கிறாய் என்று பார்க்க ஒரு நாள் ரியூசனை நிறுத்திவிட்டு வந்தேன். தவமணி கோடரியின் பின்பக்கப் பிடங்கால் ஒரு குற்றியைத் தட்டிக் கொண்டு போனார். நீ காதை வைத்துக் கேட்டுக்கொண்டு பின்னால் போனாய். சத்தம் மாறுகிற இடத்தில் இரண்டு பேரும் நின்றீர்கள். அங்கே மரத்தில் கோறை, உள்ளே வெறும் பொந்து. தவமணி ஒரு ஈர்க்கை உள்ளே விட்டு மெல்ல ஆட்டினார். உள்ளிருந்து ஒரு புலிமுகச் சிலந்தி, என் உள்ளங்கை அகலத்துக்கு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வெளியே வந்தது. நான் கத்திவிட்டேன். நீ கத்தவில்லை. அதைப் போத்தலில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பின்வளவு வேம்பில் விட்டீர்கள். அடித்துக் கொன்றால் என்ன என்று கேட்டேன். "உதுவும் எங்களைப் போல வன்னியாலை இடம்பெயந்து வந்ததுதானே, ரீச்சர்" என்றார் தவமணி. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சொன்ன எதற்கும் நீ அப்படிச் சிரித்ததில்லை. வீட்டுக்கு வந்து, சிலந்தி பூச்சி அல்ல, அதற்கு எட்டுக் கால் என்று உனக்கு ஒரு பாடமே எடுத்தேன். உனக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அந்தக் கால்களை நீ பக்கத்தில் இருந்து எண்ணியிருந்தாய்.

பிறகு ஒரு நாள் அப்படியொரு சிலந்தி உன்னைக் கடித்தது. பாலைக் குற்றிக்குள் நீ தனியே ஈர்க்கை விட்டிருக்கிறாய். அது ஈர்க்கின் வழியே ஏறி வந்து விரலைப் பிடித்துவிட்டது. ரியூசனுக்கு ஆள் வந்து, 'பிள்ளையைச் சிலந்தி கடிச்சுப்போட்டுதாம்' என்றபோது நான் நரம்புத்தொகுதிதான் படிப்பித்துக் கொண்டிருந்தேன். சிலந்திதானே என்று நினைத்தேன். கீறிய படத்துக்குப் பெயர் குறித்து முடித்துவிட்டே வெளிக்கிட்டேன். அந்தக் கால் மணித்தியாலத்தை நான் இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. அதற்குள் தவமணி உன்னைத் துவாயால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி, ஸ்கூட்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். வைத்தியருக்குக் காட்ட அந்தச் சிலந்தியையும் ஒரு ஜாம் போத்தலில் கொண்டு போயிருக்கிறார். நான் ஆஸ்பத்திரி முற்றத்தில் சைக்கிளை விட்டுவிட்டு ஓடிப்போய் வாசலில் நின்றேன். வாசலில் நின்ற பெண், உள்ளே ஒருவர்தான் நிற்கலாம் என்றாள். நான் தாய் என்றேன்.

"தாய் உள்ளுக்கை நிக்கிறா" என்றாள் அவள்.

அவளில் பிழையில்லை. எட்டிப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நீ தவமணியின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாய். வீங்கிய கையை அவர் தன் கையில் ஏந்திக்கொண்டிருந்தார். தவமணி என்னைக் கண்டதும் உடனே எழும்பி இடம் விட்டார். நீ அவருடைய சட்டையை விடவில்லை.

பத்து நாள் கழித்து, எல்லாம் சுகமாகி மாறிவிட்டது என்று நாங்கள் நினைத்த பிறகு, உனக்குக் கால் சதை இறுக்கத் தொடங்கியது நினைவிருக்கிறதா? விரலில் கடித்தது, வலி கெண்டைக்காலில். தவமணி வந்து இளஞ்சூட்டு நல்லெண்ணெய் போட்டு உருவிவிட்டார். நீ அவருக்குக் காலைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கிடந்தாய். நான் அந்த அறையில் வேறு யாருடைய வீட்டுக்கோ வந்தவள் போல நின்றேன். அப்போதுதான் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து உன் தலைமாட்டில் இருந்தேன். நரம்புக்கலத்தைக் கீறினேன். இது கலவுடல், இது வேரிழை, இதுதான் நீண்டு போகிற நரம்பிழை என்றேன். நுனியில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் கீறி, இவைதான் வாங்கிகள், நஞ்சு வந்து இதிலேதான் இருக்கும் என்றேன். நீ கண்ணைத் திறந்து பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்தாய். அந்தப் படத்துக்குத்தான் நீ இன்று முன்பக்கத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாய். நான் அதைக் கீறியது உனக்கு நரம்பைப் படிப்பிக்க அல்ல, பிள்ளை. வலியில் கிடக்கிற பிள்ளைக்கு யார் பாடம் எடுப்பார்கள்? நீ அவர் பக்கம் திரும்பியிருந்தாய், உன்னை என் பக்கம் திருப்ப எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். படமும் பிழை. வாங்கிகளைக் கீறவேண்டிய இடம் அது இல்லை.

நீ பெரியபிள்ளையான செய்தியை எனக்குச் சொன்னதும் அவர்தான். ரியூசன் முடிந்து வந்தபோது கேற்றடியில் நின்று, மெல்லிய குரலில், பயப்பட வேண்டாம், எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்றார். அவருக்கு மெல்லிய குரல் ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் நன்றி சொல்லவில்லை. உனக்குச் சடங்கு செய்த நாளில் அவரைச் சமையலுக்குப் பக்கத்தில் இருத்தினேன். நீ அதைக் கவனித்தாயோ தெரியாது. அவர் கவனித்தார்.

நீ படிக்க வெளிநாடு போன பிறகு இது தணியும் என்று நினைத்தேன். பிரிஸ்பேனுக்கும் உரும்பிராய்க்கும் நடுவே எத்தனை கடல் இருக்கிறது. ஆனால் நீ கிழமைக்கு ஒரு தரம் எனக்குத் தொலைபேசி எடுத்தாய், கிழமைக்கு ஒரு தரம் அவருக்கும் எடுத்தாய். முதலாம் வருடம் நீ எனக்கு எடுத்து நஞ்சைப் பற்றிச் சொன்ன நாள் எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. சிலந்தி நஞ்சு நரம்பைக் கொன்றுவிடும் என்று நான் படிப்பித்தது பிழை என்றாய். நீ பார்க்கிற தொட்சின், நஞ்சில் இருக்கிற அந்தப் புரதம், எதையும் கொல்வதில்லை. நரம்புக்கலத்தின் சவ்வில் ஒரு வாங்கி இருக்கிறது. நெருப்பின் சூடு பட்டால் திறக்கும், மிளகாயின் உறைப்புப் பட்டாலும் திறக்கும், திறந்தால் சோடியமும் கல்சியமும் உள்ளே பாயும், எரிகிறது என்று நரம்பு மூளைக்குச் சொல்லும். மிளகாய் கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். சிலந்தியின் அந்தத் தொட்சினுக்கு இரண்டு தலை. ஒன்று வழுகினாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். கதவு மூடவே மூடாது. எரிந்த இடம் ஒன்றும் இருக்காது, சூடு இருக்காது, ஆனாலும் நரம்பு எரிகிறது எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வேறு சிலந்திகளின் தொட்சின்கள் சில மறுவளமாகக் கதவைத் திறக்கவே விடாமல் பிடிக்கும் என்றும், வலியை நிறுத்தும் மருந்து அதிலிருந்து கிடைக்குமா என்று பார்க்கிறீர்கள் என்றும் சொன்னாய். எங்கள் புலிமுகச் சிலந்தி கடித்தால் ஏன் பத்து நாள் கழித்துக் கால் இறுக்குகிறது என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது, அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்தேன் என்றாய்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முப்பது வருடம் பூட்டும் திறப்பும் என்றே படிப்பித்தவள் நான். வாங்கி பூட்டு, பொருந்துகிற இரசாயனம் திறப்பு. அதனால், அந்தத் தொட்சின் திறப்பு ஓட்டையில்தானே போய் இருக்கும் என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அன்ரியும் இதைத்தான் கேட்டவ, அம்மா. கேட்டிட்டு அவவே சொன்னா, கதவு இறுகினாத் திறப்பைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை, பிணைச்சலைப் பார் எண்டு. அது அப்பிடியே சரி. இதுகள் ஓட்டைக்கை போறேல்லை. கதவு அசையிற பிணைச்சல் பக்கத்திலைதான் பிடிக்குதுகள்." உன் பேராசிரியர்கள் முன்னால் பேசியபோது இதை அப்படியே சொன்னாயாம். எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டதாம். அப்படியானால் நீ அவருக்கு முதலில் எடுத்துச் சொல்லியிருக்கிறாய். எனக்கு இரண்டாவதாக. வாழ்நாள் முழுக்க வாங்கி வாங்கி என்று தொண்டை கிழியக் கத்திய எனக்கு வராத ஒரு வசனம், கதவு நிலை விற்கிற மனிசிக்கு வந்திருக்கிறது. அன்று நான் சாப்பிடவில்லை. அப்பா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

பொறாமை என்ற சொல்லை நான் எனக்கு ஒரு நாளும் பாவித்ததில்லை. அக்கறை என்பேன், ஊர் என்ன சொல்லும் என்பேன். அது பொறாமைதான். தவமணி என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. நீ என்னில் அன்பு குறைத்ததும் இல்லை. காயம் ஒன்றும் இல்லாமலே எனக்கு வருடக்கணக்காக எரிந்துகொண்டிருந்தது. நீ சொன்ன அந்த மூடாத கதவு எனக்கு உடனே விளங்கியது அதனால்தான். இதை வாசித்து என்னில் இரக்கப்படாதே. இனிமேல்தான் நான் செய்ததை எழுதப் போகிறேன்.

உன் கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது நீ அங்கிருந்து எடுத்து, குளிக்க முன் உன் தலையில் பாலறுகு வைக்கும்போது தவமணி அன்ரியும் வைக்க வேண்டும் என்றாய். நான் உடனே, அவர் புருசன் இல்லாதவர், சபையில் அவருக்குத்தான் சங்கடம் என்றேன். அதெல்லாம் ஒரு கதையா அம்மா என்றாய். அப்பாவும் உன் பக்கம். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் தோற்கடித்தீர்கள். சரி, போய்ச் சொல்லுகிறோம் என்று ஒத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் கலியாணத்துக்குச் சொல்லுவது என்றால் என்ன என்று உன் மாப்பிள்ளைக்கு, அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, நீதான் விளங்கப்படுத்த வேண்டும். வீட்டுக்குப் போக வேண்டும். புருசனும் பெண்சாதியுமாகப் போக வேண்டும். கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, இன்ன நாள் இன்ன இடம், கட்டாயம் வரவேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். கலியாணக் காட் என்பது நாளையும் நேரத்தையும் மறக்காமல் இருக்கத்தான். வாயால் சொல்லாமல் காட் மட்டும் அனுப்பினால், வராதே என்று சொல்வதற்கு அதைவிட மரியாதையான வழி எங்களிடம் இல்லை.

நாங்கள் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு விடாமல் சொன்னோம். மரக்காலைக்கு நான் பிறகு தனியாகப் போவதாக அப்பாவிடம் சொன்னேன். ஒரு காலை, தவமணி கோவிலுக்குப் போகிற நேரம் பார்த்து, மரக்காலையில் மரம் அரிகிற வாள் பிடிக்கிற மனிதரிடம் காட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர், இருங்கோ ரீச்சர், அக்கா இப்ப வந்திடுவா என்றார். எனக்கு நேரமில்லை என்றேன். காட்டின் உறையில் 'திருமதி தவமணி' என்று மட்டும் எழுதியிருந்தேன். 'குடும்பத்தினர்' என்றோ 'அன்ரி' என்றோ இல்லை. கையெழுத்து அழகாக வரவேண்டும் என்று இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன். எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறேன் பார்.

கலியாணத்தன்று காலை பாலறுகு வைக்கிற நேரம், முதல் நாள் இரவுதான் வந்து இறங்கிய நீ ஈரத் தலையோடு கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய். 'அன்ரிக்குச் சொன்னனீங்கள்தானே?' என்று கேட்டாய். சொன்னேன், வாறன் என்றுதான் சொன்னவ என்றேன். மானிப்பாயில் மண்டபத்துக்குப் போகும் வரை வாகனத்தில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாய். மாப்பிள்ளை பகுதியோடு இரண்டு நாள் ஓடிப்போக, விமான நிலையத்தில் இருந்துதான் நீ அவருக்கு எடுத்தாய். பிறகு எனக்கு எடுத்துச் சொன்னாய்: முதிரை லொறி ஒன்று வந்து இறங்கியதாம், விட்டுவிட்டு வர ஏலவில்லையாம். 'என்ரை கலியாணத்தை விட அவவுக்கு மரம் பெரிசாப் போச்சு, அம்மா' என்றாய். கலியாணத்தன்று மரக்காலை பூட்டித்தான் கிடந்தது. வாகனத்தில் போகும்போது நான் பார்த்தேன். ஆகவே, தவமணிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பதும், என்னைக் காட்டிக் கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார் என்பதும் அந்த நிமிடமே எனக்கு விளங்கியது. நன்றி வரவில்லை, பிள்ளை. கோபம்தான் வந்தது. பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டாரே என்ற கோபம். ஓம் பிள்ளை, சில பேர் அப்படித்தான் என்று உன்னிடம் சொன்னேன்.

அதன் பிறகு நீ அவருக்கு எடுக்கவில்லை. இரண்டு வருடம். நான் ஒழுங்கையால் போகும்போது, வாளை நிறுத்தச் சொல்லிவிட்டு, 'பிள்ளை சுகமோ, ரீச்சர்?' என்று கேட்பார். ஓம், சுகம் என்பேன். அதற்கு மேல் ஒரு சொல் கொடுக்க மாட்டேன். நீ வீடு மாறியதை, உன் முதல் கட்டுரை வெளிவந்ததை, உனக்குக் கரு நின்று கலைந்ததை, எல்லாவற்றையும் எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். கரு கலைந்த அன்று நீ தொலைபேசியில் அழுதாய். நான் ஓமோன்களைப் பற்றிச் சொன்னேன். அவராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அப்போது யோசித்தேன். யோசித்தும் அவருக்குச் சொல்லவில்லை. உன்னை முழுவதுமாக எனக்கு ஆக்கிக்கொண்டும், உனக்கு வேண்டியதைத் தர எனக்குத் தெரியவில்லை. நான் செய்ததில் பெரிய பிழை காட் இல்லை, இதுதான்.

இந்த நேரத்தில்தான் உன் முன்பக்கம் வந்தது. நேற்றுக் காலை குளித்து, சேலை உடுத்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு மரக்காலைக்குப் போனேன். ஏன் எதற்கு என்று அப்பா கேட்கவில்லை. வழியில், 'இப்பவாவது' என்று மட்டும் சொன்னார். அப்படியானால் அவருக்கும் தெரிந்திருக்கிறது. தவமணி மரத்தூளைத் தட்டி இரண்டு கதிரை போட்டார். தேத்தண்ணி வந்தது. குடித்தோம். நான் இரண்டு நாளாகப் பாடமாக்கிய மன்னிப்பு வசனம் ஒன்று இருந்தது. அது வரவில்லை.

"பிள்ளையின்ரை கலியாணத்துக்குச் சொல்ல வந்தனாங்கள்" என்றேன்.

தவமணி கையிலிருந்த அளவுநாடாவைச் சுருட்டி மடியில் வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் ஏசுவார் என்று. "எப்ப, ரீச்சர்?" என்று கேட்டார்.

"இரண்டு வருசத்துக்கு முந்தி. ஆவணியிலை."

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் மரம் வந்தது என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் பிள்ளை உங்களோடு கதைத்துக்கொண்டு இருந்திருப்பாளே என்றும் கேட்டேன். அதற்கு அவர், "புதுசா வாழப்போற பிள்ளை, தாயைக் குறைவா நினைச்சுக்கொண்டு பிளேன் ஏறக்கூடாதெல்லோ. என்னை நினைச்சாப் பறவாயில்லை. நான் ஆர்?" என்றார்.

இதைக் கேட்டு நான் அழுதேன் என்று எழுதினால் நீ நம்புவாய். அழவில்லை. எனக்கு அப்போதும் எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு நல்லவராக இருக்க இந்த மனிசிக்கு யார் சொன்னது என்று இருந்தது. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க வேண்டுமே. மண்டபத்தின் பெயர் சொன்னேன். முகூர்த்த நேரம் சொன்னேன். காலையில் வீட்டில் பாலறுகு, நீங்கள் வந்து வைக்க வேண்டும், கட்டாயம் வரவேணும் என்றேன். "ஓம், வாறன்" என்றார் தவமணி. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார். அவரிடம் உன் முன்பக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. உன் கருவைப் பற்றியும் சொல்லவில்லை. அதெல்லாம் நீ சொல்ல வேண்டியது.

இப்போது உனக்கு எல்லாம் தெரியும். அந்த வரியிலிருந்து என்னை எடு, பிள்ளை. அந்தப் படத்தை நான் எதற்காகக் கீறினேன் என்று எழுதிவிட்டேன். உன்னை நஞ்சோடு முதுகில் கட்டிக்கொண்டு போனவர் அவர். கதவில் பிணைச்சலைப் பார் என்று சொன்னவரும் அவர். நீ முதலில் எழுதி வைத்திருந்த வரி சரி. இதை எழுத என் கை விரும்பவில்லை, மூன்று தரம் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். நாளைக்கு நீ, இரண்டு பேருடைய பெயரையும் போடுகிறேன் அம்மா என்று சொல்லக்கூடும். உன் இளகிய மனம் எனக்குத் தெரியும். வேண்டாம். பாதி இடம் கிடைத்தால் மற்றப் பாதியையும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இதை வாசித்ததும் எனக்கு எடுக்காதே. அவருக்கு எடு. உனக்கு என்னோடு கோபம் இருந்தால் அதையும் அவரிடமே சொல், அவர் என்னை விட்டுக்கொடுக்காமல் கதைப்பார், அதைக் கேட்டு இன்னும் கோபப்படு. கரு கலைந்ததைச் சொல்லி அழு. பிறகு என்றைக்காவது மனம் வந்தால் எனக்கு எடு. எடுத்ததும், முதல் ஆருக்கு எடுத்தனி என்று நான் கட்டாயம் கேட்பேன். இந்தக் குணம் இனி மாறாது. அன்ரிக்குத்தான் என்று சொல். எனக்கு வலிக்கும் என்று பார்த்துப் பொய் சொல்லிவிடாதே.

அம்மா